சமையல் மாஸ்டர் தொடாத கார்டு

குருன்னா தாடி இருக்கோணும், ஆசிரமம் இருக்கோணும்னு எவன் சொல்லி வெச்சானோ தெரியலைங்க. எங்க மச்சானுக்கு வாய்ச்ச குரு ஸ்கூட்டியில வர்ற பொண்ணு. பேரு ஹெப்சிபா. கோபியில ஒரு செல்போன் கடைக்கு மேல, மாடியில, சின்னப் பசங்களுக்கு யுகுலேலே சொல்லிக் குடுக்குது. முப்பது வயசுக்கு மேல இருக்காது.

சிஷ்யன் எங்க மச்சான் பொங்கியண்ணன். தலை முக்காவாசி நரைச்சாச்சு. கண்ணாலச் சமையல் மாஸ்டர். கோபி, பவானி, அந்தியூர், சத்தி, எந்தப் பக்கம் பெரிய கண்ணாலம்னாலும் மொதல்ல அவரு தேதியைக் கேட்டுட்டுத்தான் மண்டபத்தையே புடிப்பாங்க. அவரு சாம்பாருக்குப் பொறாமைக்காரனும் எலையில குழி பறிப்பான். சொந்தக்காரன்ங்கறதுக்காக நான் இதைச் சொல்லலைங்க. நான் பந்தி பரிமாறறவன். எலைக்கு எலை மூஞ்சியப் பாத்தவன்.

என் பேரு நாச்சிமுத்து. எங்கக்கா சரசாளைத்தான் அவருக்குக் கட்டியிருக்குது. அவங்களோட ஒரே புள்ளை மேகலாவுக்கு நான் தாய்மாமன். அதனால இந்தக் கதையில நான் கொஞ்சம் நெஞ்சை நிமித்திக்கிட்டுத்தான் பேசுவேன். பொறுத்துக்கோணும்.

மேகலா பெங்களூருல வேலை பாக்குது. மாப்பிள்ளையும் அங்கயேதான், பூர்வீகம் திருச்செங்கோடு. நிச்சயம் முடிஞ்ச அன்னைக்கு சாயங்காலம் புள்ளை எல்லாரையும் உக்கார வெச்சு ஒரு நிபந்தனை போட்டுச்சு. எங்கண்ணாலத்துல அப்பா அடுப்புப் பக்கமே போகக் கூடாதுன்னு.

மச்சான் சிரிச்சாரு. நாங்களும் சிரிச்சோம். அது சிரிக்கலை.

அது சொன்னதுல நாயம் இருந்துச்சுங்க. எத்தனையோ கண்ணாலத்துக்குப் போன மனுசன், ஒரு கண்ணாலத்தைக்கூட உக்காந்து பாத்ததில்லை. கூடப் பொறந்த தங்கச்சிக்குத் தாலி ஏறும்போது வடைச்சட்டி முன்னால நின்னுக்கிட்டிருந்தாரு. கெட்டிமேளம் கேட்டதும் கரண்டியக் கீழ வெச்சுக் கும்புட்டுட்டு, மறுபடியும் வடையத் திருப்பிப் போட்டாரு. அவ்வளவுதான் அவரு பாத்த கண்ணாலம்.

“வரவேற்புல நான் ஒரு பாட்டுப் பாடுவேன். நீங்க பக்கத்துல உக்காந்து வாசிக்கோணும்ப்பா. வேற எதுவும் எனக்கு வேண்டாம்” அப்படின்னுச்சு மேகலா.

காலேஜுல படிக்கையில அது ஒரு யுகுலேலே வாங்கி வெச்சிருந்துச்சு. கிடாருக்குத் தம்பிங்க அது, நாலே கம்பி. பரண்ல கெடந்ததை எடுத்துத் தொடைச்சு அவரு மடியில வெச்சுப்போட்டு, பெங்களூரு பஸ்ஸைப் புடிச்சிருச்சு. மச்சான் அதை ரெண்டு கையிலயும் தூக்கி, கல்லு உப்புப் பொட்டணம் மாதிரி எடை பாத்தாரு. இந்தக் கைக்குக் கரண்டிதான்டா தெரியும்னு என்கிட்ட மொனகுனாரு. ஆனா அந்தப் புள்ளை கேட்டு அவரு இல்லைன்னு சொன்னதா சரித்திரமே கிடையாது.

அப்படித்தான் மச்சான் கிளாஸுக்குப் போனாரு. அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. என் மொபட்டுலதான் கூட்டிக்கிட்டுப் போவேன். போனவன் சும்மா ஏன் திரும்பறதுன்னு அங்கயே ஒரு மூலையில உக்காந்துக்குவேன்.

மொத நாளு தோள்ல துண்டோட அவரு படியேறிப் போனதும், பசங்கெல்லாம் எந்திரிச்சு நின்னு குட்மார்னிங் சாருன்னுச்சுக. டீச்சர் வந்து பாத்தா, சாரு பாயில கடைசி வரிசையில சம்மணம் போட்டு உக்காந்திருக்காரு. அந்தப் பொண்ணு சிரிக்கலைங்க. “வாங்க மாஸ்டர்” அப்படின்னுச்சு. மச்சான் எந்திரிச்சு, “வணக்கமுங்க டீச்சரம்மா” அப்படின்னாரு. குரு சிஷ்யனை மாஸ்டருன்னு கூப்புடற பள்ளிக்கூடம் அது ஒண்ணுதான் இருக்கும்.

கம்பியை இன்ன இன்ன எடத்துல அமுக்கிப் புடிச்சுக்கிட்டு நாலையும் சேத்து மீட்டுனா ஒரு கூட்டுச் சத்தம் வருது. அதுக்குக் கார்டுன்னு பேரு. மேகலா சொந்தமா எழுதுன பாட்டுக்கு நாலு கார்டு வேணும். சி, எஃப், ஜி, அப்பறம் ஏ மைனர். பசங்களுக்கெல்லாம் விரல் நுனி செவந்து போயி ஊதிக்கிட்டு உக்காந்திருக்கும். மச்சானுக்கு வலியே இல்லை. கொதிக்கற அண்டாவைத் துணியில்லாம எறக்குன கை, நைலான் கம்பி என்ன பண்ணும்? அவரு செரமம் வேற. அமுக்குன்னா கம்பியே பலகைக்குள்ள போற மாதிரி அமுக்குவாரு. மெதுவா மாஸ்டர், பூரிக்கு மாவு பெசையலைன்னு டீச்சர் சொல்லிக்கிட்டே இருக்கும்.

ஆனா மனுசன் வுடலைங்க. வெங்காயம் வேகற நேரம், பருப்பு கொதிக்கற நேரம், எங்க சித்த நேரம் கெடைச்சாலும் கரண்டிக் காம்பு மேல விரலை வெச்சு வெச்சு எடுப்பாரு. சி வந்துச்சு. எஃப் வந்துச்சு. மூணு விரலையும் முறுக்கிக்கிட்டு வைக்கற ஜியும் வந்துச்சு. அன்னைக்கு நான் எங்கக்காளுக்குப் போன் போட்டு, உம்புருசன் ஜி புடிச்சிட்டாருன்னேன். ஜி என்னாடா நோவா, ஆஸ்பத்திரியில காட்டறதுதானேன்னு அவ பயந்துபோனா.

அப்பறம் ஏ மைனருக்கு வந்தாங்க. எங்க ஊருப் பக்கம் மைனருன்னா மல்லுச் சட்டையும் தங்கச் சங்கிலியுமா பஸ் ஸ்டாண்டுல நிக்கறவன். நான் கெக்கெக்கேன்னு சிரிச்சேன். டீச்சர் கண்டுக்காம, நடுவிரலை மேல் கம்பியில ரெண்டாவது கட்டத்துல வெச்சு மீட்டுச்சு. ஒரே விரல். மத்த மூணு கம்பியும் சும்மா.

அந்தச் சத்தம் கேட்டதும் என் சிரிப்பு நின்னுபோச்சுங்க. மத்த மூணு கார்டும் வாசல்ல கோலம் போட்ட மாதிரி இருக்கும். இது அப்படி இல்லை. சாயங்காலம் வெளக்கு வைக்கற நேரத்துல வீட்டுல யாரும் இல்லாத மாதிரி இருந்துச்சு. மச்சான் மொகம் சுருங்கிப்போச்சு.

அதுக்கப்பறம் அந்த ஒரு கார்டு மட்டும் அவருக்கு வரவே இல்லை. விரலு நிக்க மாட்டேங்குதுங்க, கம்பி வழுக்குதுங்கன்னு ஒவ்வொரு நாளும் ஒரு சாக்கு. பாட்டுல அந்த எடம் வந்தா சட்டுனு சி போட்டுட்டு ஓடிருவாரு. பாட்டு அந்த எடத்துல மட்டும் கல்லு தடுக்குன மாதிரி நொண்டும். டீச்சர் திருத்தாம பாத்துக்கிட்டே இருந்துச்சு.

ஒரு நாளு பசங்கெல்லாம் போனதுக்கப்பறம் அவரை நிறுத்தி வெச்சுக் கேட்டுச்சு.

“மாஸ்டர், ஏழு வயசுப் புள்ளைக மொத நாளே புடிக்கற கார்டு இது. ஜி புடிச்ச உங்களுக்கு இது வரலைன்னு நான் நம்போணுமா?”

மச்சான் துண்டை எடுத்து மொகத்தைத் தொடைச்சாரு. பொய் சொல்லத் தெரியாத மனுசன்.

“வருமுங்க டீச்சரம்மா. வேண்டாமுன்னுதான் வுட்டுட்டேன்.”

“ஏன்?”

“அதுல அழுகை இருக்குதுங்க. கண்ணாலப் பந்தியில நான் பாகற்காய் போட்டதில்லைங்க. அகத்திக்கீரை போட்டதில்லை. எத்தனை பெரிய மனுசன் கேட்டாலும், அதெல்லாம் காரியத்துக்குச் செய்யறதுங்க, கண்ணாலத்துக்கு ஆகாதுன்னு சொல்லிருவேன். ஊருப் புள்ளைகளுக்கே அப்படிப் பாத்துப் பாத்துச் செஞ்சேன். எம்புள்ளை கண்ணாலத்துல மட்டும் எங்கையால எப்படிங்க அதைப் போடறது?”

மனுசன் இத்தனை நாளா இதை மனசுக்குள்ள வெச்சுக்கிட்டுத்தான் விரலு வழுக்குதுன்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. அவரு கணக்குல அது பாட்டு இல்லைங்க. புள்ளையோட வாழ்க்கை.

டீச்சர் கையில இருந்த யுகுலேலேயைப் பாயில வெச்சுச்சு. அப்பறம், அந்தக் கார்டு வர்ற எடத்துல மேகலா என்ன பாடுதுன்னு கேட்டுச்சு.

மச்சான் பாட்டாப் பாடாம பேச்சாச் சொன்னாரு. அந்தப் பாட்டே ஒரு சின்னப் புள்ளை அப்பன்கிட்டக் கேக்கறதுங்க. அப்பன் கண்ணாலம் கண்ணாலமாப் போயி, விடியக்காலம் புகை நாத்தத்தோட, வாழையெலையில ஒரு மைசூர்பாகை மடிச்சுக்கிட்டு வர்றான். புள்ளை தூக்கத்துல எந்திரிச்சு அதை வாங்கித் தின்னுக்கிட்டே கேக்குது. எல்லார் வீட்டுக் கண்ணாலத்துக்கும் போறியே, எங்கண்ணாலத்துக்கு வருவியான்னு. அந்த வருவியாங்கற எடத்துலதான் ஏ மைனர் வருது.

நான் மொகத்தைத் திருப்பிக்கிட்டேன்.

டீச்சர் கேட்டுச்சு. “கண்ணாலத்துல அழுகையே கிடையாதுங்களா மாஸ்டர்?”

“எனக்கென்னங்க தெரியும். நான் சமையக்கட்டுல இருப்பேன்.”

“பொண்ணை அனுப்பறப்ப?”

“சீர்ப் பலகாரத்தை டின்னுல அடுக்கிக் குடுத்துட்டு அண்டா கழுவிக்கிட்டிருப்பமுங்க.”

“அப்ப அடுத்த கண்ணாலத்துல பொண்ணைக் காரேத்தறப்ப வாசல்ல போயி நில்லுங்க. நின்னு கேட்டுட்டு வாங்க. அது வரைக்கும் கிளாஸ் கிடையாது.”

யுகுலேலேயை உறையில போட்டு அவரு கையில குடுத்துட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. காசு குடுத்துப் படிக்கறவங்களை வாசல்ல நிக்கச் சொல்ற டீச்சரை நான் அன்னைக்குத்தான் பாத்தேன்.

அடுத்த கண்ணாலம் பவானியில. மஞ்சமண்டிக்காரர் வீடு. அந்த மனுசன் காலையில இருந்து யாரையும் வுட்டு வைக்கலை. பந்தல்காரனைத் திட்டுனாரு, போட்டோக்காரனைத் திட்டுனாரு, அப்பளம் நமத்துப்போச்சுன்னு என்னையும் ஒரு வாங்கு வாங்குனாரு. நமக்கலைங்க, நான் பொரிச்ச கையோட போட்டது. இருந்தாலும் பொண்ணைப் பெத்தவருன்னு வாயை மூடிக்கிட்டேன்.

மத்தியானம் பொண்ணை அனுப்பற நேரம். மச்சான் கையக் கழுவிக்கிட்டு, துண்டுல தொடைச்சுக்கிட்டு, சமையக்கட்டுல இருந்து வெளிய வந்தாரு. எங்க ஆளுகளுக்குப் பகீர்னு ஆயிப்போச்சு. சாம்பார்ல ஏதோ வுழுந்துருச்சுன்னே நெனைச்சுட்டாங்க. அவரு நேரா வாசல்ல வாழைமரத்துக்குப் பக்கத்துல போயி நின்னாரு. நானும் பின்னாலயே போனேன்.

பொண்ணு கால்ல வுழுந்து எந்திரிச்சுது. அதுங்கம்மா கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுகுது. ஒரு அத்தைக்காரி அழுதுக்கிட்டே பொண்ணு தலைப்பூவைச் சரி பண்ணி, அதுக்குள்ள என்னமோ சொல்லிச் சிரிக்க வெக்கறா. மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைகளும் கண்ணைத் தொடைச்சுக்கறாங்க. நாதஸ்வரக்காரரு பாட்டுக்கு வாசிச்சுக்கிட்டே இருக்காரு. சகுனம் பாக்கற கெழவிக ஒரு பட்டாளமே நிக்குது. அதுகளும் மூக்கைச் சிந்துதுக.

மஞ்சமண்டிக்காரர் அழுகலை. ட்ரைவர்கிட்ட போயி ஏசியைப் போடச் சொன்னாரு. போட்டாச்சுங்கன்னான். இன்னும் கூட வைன்னாரு. அவளுக்கு வேர்க்கும்னு சொல்ல வந்தவரு, வேர்க்கும்ங்கற வார்த்தையில ஒடைஞ்சுபோனாரு. அப்படியே சம்பந்தி கையப் புடிச்சுக்கிட்டு, “எம்புள்ளைங்க அது” அப்படின்னாரு. கண்ணுல தண்ணி பாட்டுக்கு எறங்குது, தலை மட்டும் நிமிந்தே இருந்துச்சு. காலையில இருந்து அவரைக் கரிச்சுக் கொட்டிக்கிட்டிருந்த எனக்கு, அந்த நிமிசம் அவரு கால்ல வுழுகலாம்போல இருந்துச்சு.

திரும்பி வர்றப்ப மச்சான் மொபட்டுல எனக்குப் பின்னால உக்காந்திருந்தாரு. கவுந்தப்பாடி தாண்டுன பொறவுதான் வாயைத் தொறந்தாரு.

“மாப்ளே, அந்த மண்டிக்காரரு மொகம் அழுகறவன் மொகம் மாதிரி இல்லைடா.”

வேற என்ன மாதிரின்னு கேட்டேன். தெரியலைன்னாரு. கோபி வர்ற வரைக்கும் அதையேதான் யோசிச்சுக்கிட்டு வந்தாரு போல.

மறுநாளு கிளாஸுக்குப் போனோம். டீச்சர் கேட்டுச்சு, “அழுதாங்களா மாஸ்டர்?”

“அழுதாங்க.”

“அபசகுனம்னு யாராச்சும் தடுத்தாங்களா?”

“இல்லைங்க. அழுகலைன்னாத்தான் ஏதாச்சும் சொல்லியிருப்பாங்க.”

“சரி. எஃப் புடிங்க.”

புடிச்சாரு. எஃப்னா ரெண்டு விரல். நடுவிரல் மேல் கம்பியில, ஆள்காட்டி விரல் கீழ இருந்து ரெண்டாவது கம்பியில.

“ஆள்காட்டி விரலை மட்டும் எடுங்க. வேற ஒண்ணையும் அசைக்காதீங்க. மீட்டுங்க.”

எடுத்தாரு. மீட்டுனாரு. ஏ மைனர், சுத்தமா, ஒரு பிசிறு இல்லாம வந்துச்சு. மச்சான் சுட்ட மாதிரி கைய எடுத்துட்டாரு.

“இத்தனை நாளா எஃப் வாசிக்கறப்பெல்லாம் இது உங்க கையிலதான் இருந்துச்சு மாஸ்டர்” அப்படின்னுச்சு டீச்சர். பசங்க வந்துட்டாங்கன்னு எந்திரிச்சுப் போயிருச்சு.

அதுக்கப்பறம் வீட்டுல அவரு வாசிக்கையில நான் கேட்டிருக்கேன். எங்கக்கா சரசாள் உள்ள தோசை ஊத்திக்கிட்டிருப்பா. அந்த எடம் வர்றப்ப மட்டும் கரண்டிச் சத்தம் நின்னுரும். பொறவு தோசை தீயற வாசம் வரும். எங்க மச்சான் வீட்டுல தோசை தீஞ்சதுக்கு அந்த ஒரு காரணந்தானுங்க இருந்திருக்கும்.

கண்ணாலம் வந்துச்சு. ஊரே தெரண்டு வந்துச்சுன்னு சொன்னா மிகையில்லை. அவரு கையில சாப்புட்டவங்கெல்லாம் அவரு வீட்டுக் கண்ணாலம்னு வந்துட்டாங்க. சமையல் அவரு கையில தொழில் படிச்ச பையன் ஒருத்தன். மச்சான் பட்டு வேட்டி கட்டிக்கிட்டு மண்டபத்துல நிக்க முடியாம நிக்கறாரு. காத்து அந்தப் பக்கமா அடிச்சா போதும், பெருங்காயம் தூக்கலா இருக்குதுடா மாப்ளே, ஒரு எட்டுப் போயிச் சொல்லுன்னு என் காதைக் கடிக்கறாரு. போகமாட்டேன்னுட்டேன். அடுப்புப் பேச்சே வராமப் பாத்துக்கறேன்னு மேகலாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேனே.

சாயங்காலம் வரவேற்புக்கு முன்னால, பொண்ணு ரூமுல அப்பனும் புள்ளையும் ஒருக்கா வாசிச்சுப் பாத்தாங்க. மேகலா அலங்காரத்துக்குப் போன பொறவு, அருமைக்காரர் ராசப்பையன் உள்ள வந்தாரு. எங்க பக்கத்துக் கண்ணாலத்துல சடங்கு சீரெல்லாம் நடத்தி வைக்கற பெரியவரை அருமைக்காரர்னு சொல்லுவோமுங்க. அவரு ஆகாதுன்னா ஆகாது. அதுக்கு மேல அப்பீல் கிடையாது. இவரு மாப்பிள்ளைக்குப் பெரிய தாத்தா முறை வேற.

“பொங்கியண்ணா, வெளிய கேட்டுச்சு. நல்லாத்தான் இருக்குது. நடுவுல ஒரு சத்தம் மட்டும் கீழ எறங்குது பாரு, நாளும் கெழமையுமா அது வேண்டாமப்பா. ஒறம்பரைச் சனம் ஒண்ணு கெடக்க ஒண்ணு பேசும்” அப்படின்னாரு. தன்மையாத்தான் சொன்னாரு. சொல்லிட்டுப் போயிட்டாரு.

மச்சான் மொகத்தைப் பாக்க முடியலைங்க. அவரு மொதல்ல எதுக்குப் பயந்தாரோ அதையே பெரிய மனுசன் வாயால கேட்டுட்டாரு. பழையபடி சி போட்டுரு மச்சான், எவனுக்குத் தெரியப்போகுதுன்னு நான் சொன்னேன். சம்பந்தி வீட்டு மொதல் பேச்சை மீறுனா நாளைக்குப் புள்ளைதானுங்க அதுக்கு வாங்கிக் கட்டிக்கும்?

அவரு என்னைக் கண்டுக்கலை. நேரா மண்டபத்துக்குப் போயி, ரெண்டாவது வரிசையில உக்காந்திருந்த டீச்சர்கிட்ட விசயத்தைச் சொன்னாரு. என்னங்க பண்றதுன்னு கேட்டாரு.

“உங்களுக்கு சி, ஏ மைனர் ரெண்டுமே தெரியும் மாஸ்டர். கம்பியப் பாக்காதீங்க. அந்த எடம் வர்றப்ப புள்ளை மொகத்தைப் பாருங்க” அப்படின்னுச்சு.

மேடை ஏறுனாங்க. பெரிய ஒடம்பு, சின்ன யுகுலேலே. தொப்பை மேல அது பொம்மை மாதிரி ஒட்டிக்கிட்டிருக்குது. மாஸ்டர் தேங்காய் துருவப் போறாருடோய்னு பின்னால ஒருத்தன் சொன்னான். திரும்பி ஒரு மொறை மொறைச்சேன், அடங்கிட்டான்.

மேகலா பாட ஆரம்பிச்சுச்சு. சி, எஃப், ஜி எல்லாம் சுளுவா வருது. நான் அருமைக்காரரையே பாத்துக்கிட்டிருக்கேன். அவரு மொத வரிசையில கைத்தடி மேல தாடையை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு.

அந்த வரி வந்துச்சு. எஃப்ல கை இருக்குது. மச்சான் தலையத் தூக்கிப் புள்ளையப் பாத்தாரு. புள்ளை அவரைத்தான் பாத்துக்கிட்டிருந்துச்சு. எங்கண்ணாலத்துக்கு வருவியான்னு அது பாடறப்ப கண்ணு நெறஞ்சு நிக்குது, மொகம் சிரிக்குது. மச்சானோட ஆள்காட்டி விரல் கம்பியை வுட்டு மேல வந்துச்சு.

ஏ மைனர் விழுந்துச்சுங்க. அத்தனை சனம் இருந்த மண்டபத்துல, ஓடிக்கிட்டிருந்த கொழந்தைககூட நின்னு திரும்பிப் பாத்துச்சுக. மச்சான் கண்ணுல இருந்து தண்ணி பட்டு வேட்டியில சொட்டுது. அவரு தொடைக்கலை. ரெண்டாந்தரம் அந்த வரி வந்தப்ப இன்னும் நிதானமா, இன்னும் சத்தமா மீட்டுனாரு. யாரு நல்லாருக்குன்னு சொன்னாலும் குனிஞ்சுக்கிட்டே கும்புடற மனுசன் அவரு. அன்னைக்கு அரசன் மாதிரி நிமிந்து உக்காந்திருந்தாரு. எங்கக்கா அழுதா. நானும் அழுதேன். பக்கத்துல இருந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்கிட்ட, எங்க மச்சானுங்கன்னு சொன்னேன். அவருக்கு அது தெரியும். இருந்தாலும் சொன்னேன்.

பாட்டு முடிஞ்சு கைத்தட்டு அடங்கறதுக்குள்ள அருமைக்காரர் எந்திரிச்சுட்டாரு. கைத்தடிய ஊனிக்கிட்டுப் படியேறுனாரு. மச்சான் யுகுலேலேயை மேகலா கையில குடுத்துட்டு எந்திரிச்சுக் கையக் கட்டிக்கிட்டு நின்னாரு.

“பொங்கியண்ணா, வேண்டாம்னு சொன்னேன். போட்டுட்டயே.”

மச்சான் கண்ணு டீச்சரைத் தேடுச்சு. டீச்சர் எந்திரிச்சு மேடைக்குக் கீழ வந்து நின்னுச்சு. நான்தானுங்க ஐயா சொல்லிக் குடுத்தேன்னுச்சு.

அருமைக்காரர் டீச்சரை மேலயும் கீழயும் பாத்தாரு.

“ஏனம்மிணி, அது சோகத்துக்கு வாசிக்கறதா, சந்தோசத்துக்கு வாசிக்கறதா? மூணு பொண்ணுகளைக் கட்டிக் குடுத்தவன் நான். எத்தனை கண்ணாலம் நடத்தி வெச்சிருக்கேன். எனக்கே வெளங்கலை.”

டீச்சர் கேட்டுச்சு. “உங்க பொண்ணுகளைக் காரேத்தி அனுப்புன அன்னைக்கு உங்களுக்கு எப்படி இருந்துச்சுங்க ஐயா?”

பெரியவரு கைத்தடிய ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டாரு. அப்பறம் கொரலைத் தணிச்சுச் சொன்னாரு. “நெஞ்சு வலிச்சுது அம்மிணி. ஆனா அன்னைக்கு மாதிரி எந்நாளும் நான் தலை நிமிந்து நின்னதில்லை.”

“ரெண்டுக்கும் ஒரே விரல்தானுங்க ஐயா” அப்படின்னுச்சு டீச்சர்.